எடை குறைப்புப் போட்டி வைக்கலாமா? தோட்டத்துப் பெண் பிள்ளைகளின் உடற்பயிற்சிக் குழு குறித்து ஒரு கேள்வி

மெலிந்தாங் மாலை:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில், எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், பெண் பிள்ளைகளுக்கென்று மாலை நேர உடற்பயிற்சிக் குழு ஒன்றை நடத்தி வருகிறேன். படிவம் 3 படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் தொடங்கி, தெலுக் இந்தான் நகரக் கடைகளில் வேலை செய்யும் இருபத்திரண்டு வயதுப் பெண்கள் வரை வருகிறார்கள். திடல் மாலையானால் காற்பந்து ஆடும் பையன்களுக்குச் சொந்தமாகிவிடும். சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளும் தெருநாய்களும் இருப்பதால் தனியாக நடக்கப் பெற்றோர் அனுப்புவதில்லை. எனவே மண்டபமே எங்களுக்குக் கதி.

சிக்கல் இடத்தைப் பற்றியதன்று. தீபாவளிக்கு முன்பும், யாருக்காவது கல்யாணம் நெருங்கும்போதும் மண்டபம் நிறைகிறது. அது முடிந்ததும் வெறிச்சோடிப் போகிறது. ஏன் வந்தாய் என்று கேட்டால், “சேலை கட்டினால் இடுப்பு தெரிகிறது”, “பெண் பார்க்க வருகிறார்கள்”, “டிக்டாக்கில் என் முகம் உருண்டையாகத் தெரிகிறது” என்பவைதாம் பதில்கள். எங்கள் குழுவில் மிக வேகமாக ஓடக்கூடிய ஒரு பிள்ளை, ஐந்து மணி வெயிலில் கறுத்துவிடுவேன் என்று சொல்லி வெளியே கால் வைப்பதில்லை. இன்னொருத்தி மதியத்திலிருந்து எதுவும் உண்ணாமல், இணையத்தில் வாங்கிய “மெலிவுக் காப்பி”யை மட்டும் குடித்துவிட்டு வந்து, பயிற்சியின் நடுவே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். கோயிலுக்கு வரும் பெரியவர்களும் வாய் சும்மா இருப்பதில்லை. அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “இவ்வளவு குதித்தும் இன்னும் குறையவில்லையே” என்று ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள்.

இந்நிலையில் எங்கள் செயலவை, பிள்ளைகளை ஊக்கப்படுத்த எட்டு வார எடை குறைப்புப் போட்டி நடத்தலாம் என்கிறது. வாரந்தோறும் எடை பார்த்து, பெயரையும் எடையையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அதிகமாகக் குறைத்தவருக்கு ஹம்பர் என்னும் பரிசுக் கூடை தருவது திட்டம். மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஹம்பரை வழங்கவும் முன்வந்துவிட்டார். அவர்கள் நோக்கத்தில் குறையில்லை. ஆயினும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஒப்பாமைக்குச் செயலவை ஏற்கும்படியான காரணமும் என்னிடம் இல்லை. இத்தகைய போட்டி நல்லதா? இல்லையென்றால் பிள்ளைகள் தொடர்ந்து வருவதற்கு வேறு என்ன செய்யலாம்?

பேராக் இயன்முறை:

வணக்கம் சகோதரி. அரசாங்க மருத்துவமனையில் இயன்முறைச் சிகிச்சையாளராகப் பணியாற்றுகிறேன். உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணங்கள் உண்டு. செயலவையின் முன் வைக்கக்கூடிய வகையில் எழுதுகிறேன்.

முதலாவதாக, எடைக் கருவி நீங்கள் அளக்க விரும்புவதை அளப்பதில்லை. உணவைத் திடீரென்று குறைக்கும் ஒருவருக்கு முதல் வாரத்தில் இறங்குவது பெரும்பாலும் உடலில் இருந்த நீரும், தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தும்தான். கொழுப்பு அவ்வளவு விரைவாகக் கரையாது. மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் உடல் நீரைப் பிடித்து வைப்பதால் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறுவது பலருக்கு இயல்பு. ஒழுங்காக வந்து, ஒழுங்காக உண்டு, தசை வலுப்பெற்ற பிள்ளையின் எடை முள் அசையாமல் நிற்கலாம். மூன்று நாள் பட்டினி கிடந்தவளின் முள் இறங்கிவிடும். அப்படியென்றால் உங்கள் ஹம்பர் யாருக்குப் போகும் என்று செயலவையையே கேளுங்கள்.

இரண்டாவதாக, உங்கள் குழுவில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வயதில் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இடுப்பும் தொடையும் அகலுவது பருவ வளர்ச்சியின் ஒரு பகுதி. ஆசியப் பெரியவர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. அந்த எண்ணை வளரும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது, அவர்களுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை இருக்கிறது. எலும்பு தன் வலுவின் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வதும் இந்த ஆண்டுகளில்தான். போதிய உணவின்றிக் கடும்பயிற்சி செய்யும் பெண்ணின் உடல், உயிர் காக்கத் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கும். மாதவிடாய் தவறும், எலும்பு வலுவிழக்கும், அடிக்கடி நோய் வரும். விளையாட்டு வீராங்கனைகளிடம் காணப்படும் இந்த ஆற்றல் பற்றாக்குறை நிலைக்கு அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2014 இல் தனிப்பெயரே இட்டது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றுபோனால், “பயிற்சி செய்தால் அப்படித்தான்” என்று விட்டுவிடாமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மூன்றாவது காரணம் மனத்தைச் சார்ந்தது. நான் பெரிதாகக் கருதுவதும் இதைத்தான். பெண்ணின் உடலை எப்போதும் எடைபோட்டுப் பேசும் சூழலில் வளரும் பிள்ளை, நாளடைவில் தன் உடலைத் தானே வெளியில் நின்று பார்க்கப் பழகிவிடுகிறாள் என்று பிரெட்ரிக்சன், ராபர்ட்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள் 1997 இல் எழுதினார்கள். கை எவ்வளவு தூக்குகிறது என்பதை அவள் உணர்வதில்லை. கை எப்படித் தெரிகிறது என்பதையே உணர்கிறாள். தோற்றத்துக்காக மட்டுமே பயிற்சி செய்பவர்களிடம் உடல் குறித்த அதிருப்தி கூடுதலாகக் காணப்படுவதையும், மகிழ்ச்சிக்காகவோ நலத்துக்காகவோ செய்பவர்கள் நீண்ட காலம் தொடர்வதையும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. டெசி, ரையன் என்னும் இருவர் வகுத்த ஊக்கக் கோட்பாட்டின்படி, தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வும், நம்மால் இயல்கிறது என்ற உணர்வும், நம்மைச் சேர்ந்தவர்களோடு இருக்கிறோம் என்ற உணர்வும் கிடைத்தால் மனிதர் ஒரு செயலை விடமாட்டார். தீபாவளி முடிந்ததும் உங்கள் மண்டபம் வெறிச்சோடுவதில் வியப்பே இல்லை. அவர்கள் வந்த காரணம் தீபாவளியோடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த மெலிவுக் காப்பியை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இத்தகைய பொருள்களில் சிபுட்ராமின் என்னும் மருந்து கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது. பதிவு பெற்ற மருந்தென்றால் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும்; இவற்றை உணவுப் பொருள் என்று சொல்லி விற்பதால் அந்தச் சோதனைக்கும் இவை சிக்குவதில்லை.

சரசு பாட்டி:

தம்பி எழுதியதைப் பேத்தி படித்துக் காட்டினாள். தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நான் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் எங்களுக்கு உடற்பயிற்சி என்று ஒன்று தனியாக இருந்ததில்லை. விடியுமுன் மர நிரைக்குப் போய், வாளியைச் சுமந்து வந்தால் அதுவே போதும். இப்போது பிள்ளைகள் நாற்காலியிலும் கைப்பேசியிலும் இருக்கிறார்கள். வீட்டில் மூன்று வேளையும் சோறு, சாயங்காலம் மைலோ பானமும் பலகாரமும். என் தங்கைக்குச் சீனி நோயால் காலை எடுத்தார்கள். எங்கள் லயத்தில் அந்நோய் இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணலாம். இந்த நிலையில் பிள்ளையின் எடையைப் பற்றிப் பேசவே கூடாது என்றால், நோய் வந்த பிறகா பேசுவது? முகத்துக்கு நேரே சொல்லும் கிழவிகளில் நானும் ஒருத்திதான். அக்கறையால்தான் சொல்கிறோம்.

பேராக் இயன்முறை:

பாட்டி, உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. 2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஆகவே நோயைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

ஆனால் நீரிழிவைத் தடுப்பதில் உடற்பயிற்சியின் பங்கு எடை குறைவதை மட்டும் நம்பி இருப்பதில்லை. தசை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாளுக்குக் குறையாமல் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. எடை முள் இம்மி அளவும் இறங்காத பிள்ளைக்கும் இந்தப் பயன் கிடைக்கிறது. விட்டுவிட்டுச் செய்தால் சில நாள்களில் பயன் போய்விடும் என்பதால், தொடர்ந்து வருவதே முக்கியம். “இன்னும் குறையவில்லையே” என்று கேட்கப்பட்ட பிள்ளை மறுவாரம் வராமல் போனால், நீங்கள் எந்த நோயை நினைத்து அஞ்சுகிறீர்களோ அதற்கே வழி திறந்துவிடுகிறோம்.

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கும் இது பொருந்தும். மாதவிடாய் சீராக வராமை, முகத்தில் முடி, எடை கூடுதல் என்று அவர்கள் படும் பாடு போதாதென்று, ஊராரின் பேச்சையும் கேட்கிறார்கள். அவர்களுக்கும் எடை பெரிதாகக் குறையாவிட்டாலும் பயிற்சி நன்மை செய்கிறது.

எடையைக் கவனிக்க வேண்டிய பிள்ளை இருந்தால், கிளினிக்கில் தாதியோ மருத்துவரோ கதவைச் சாத்திக்கொண்டு, தாயையும் உடன் வைத்துக்கொண்டு பேசட்டும். அறிவிப்புப் பலகை அதற்கான இடமன்று. வீட்டில் சோற்றின் அளவையும் மைலோவின் சீனியையும் குறைப்பதென்றால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் குறைக்காமல் தாத்தா முதல் தம்பி வரை எல்லோருக்கும் குறைப்பதே நல்லது. ஒரே வீட்டில் அவள் தட்டை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தால், அவள் ஒளித்து வைத்து உண்ணத் தொடங்குவாள்.

குலிம் கபடிக்காரி:

மெலிந்தாங் அக்காவுக்கு வணக்கம். கெடாவில் பெண்களுக்குக் கபடிப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில், ஒரு மாலைப் பொழுதை எப்படி நடத்துவது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

“உடற்பயிற்சிக் குழு” என்ற பெயரையே முதலில் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். சிலம்பம், கபடி, வலைப்பந்து, கயிறு தாண்டுதல், எதுவானாலும் சரி. நேற்று வராத ஒரு வீச்சு இன்று வந்துவிட்டது என்ற மகிழ்ச்சிக்கு ஈடாக எந்தக் கண்ணாடியும் எதையும் தருவதில்லை. கபடியில் கனமான பிள்ளைக்கு மதிப்பு அதிகம். மூலையில் நின்று, எதிரணியிலிருந்து ஏறி வருபவளின் காலைப் பிடித்து நிறுத்த அவளால்தான் முடியும். பள்ளி ஓட்டப் போட்டியில் எப்போதும் கடைசியாக வந்து தலைகுனிந்த ஒருத்தி, எங்கள் அணியில் எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் தடுப்பாட்டக்காரியாக ஆனதைப் பார்த்திருக்கிறேன். மண்டபத் தரை சிமெண்டாக இருந்தால் விழுந்து எழும் ஆட்டங்களைப் பாய் இல்லாமல் ஆட வேண்டாம்; சிலம்பமும் கயிறும் அதற்கு ஏற்றவை. கோயில் நிர்வாகத்திடம் கூரையின் உயரத்தையும் விளக்குகளையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், கம்பு சுழல ஆரம்பித்த பிறகு பேசினால் வருத்தம் வரும்.

பிள்ளைகள் நின்றுபோவதற்குக் காரணமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று உண்டு. பொருத்தமான விளையாட்டு உள்ளாடை இல்லாததால் ஓடவும் குதிக்கவும் கூச்சமும் வலியும் ஏற்படுகின்றன. பையன்கள் பார்க்கும் இடத்தில் அது இரட்டிப்பாகிறது. தாய்மார்களிடம் தனியாகப் பேசுங்கள். மாதவிடாய் நாள்களில் பயிற்சி செய்யக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. மிதமான அசைவு பலருக்கு வயிற்றுவலியைத் தணிக்கவும் செய்கிறது. ஆனால் அந்த நாள்களில் கோயில் வளாகத்துக்குள் வர மாட்டோம் என்னும் குடும்பங்கள் உண்டு. அவர்களோடு வாதாடுவதை விட, வாரத்தில் ஒரு மாலையைத் தமிழ்ப்பள்ளித் திடலுக்கோ சமூக மண்டபத்துக்கோ மாற்றிக்கொண்டால் யாரும் விடுபட மாட்டார்கள். ஆடை அவரவர் விருப்பம். தொளதொளப்பான டி-சட்டையில் வருபவளைக் கேள்வி கேட்க வேண்டாம். பயிற்சி நேரத்தில் கைப்பேசிப் படமெடுப்பு வேண்டாம் என்ற ஒரு விதி போதும், பாதிக் கூச்சம் போய்விடும்.

நிறத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம் வீடுகளில் குழந்தை பிறந்த அன்றே காதோரத்து நிறத்தைப் பார்க்கிறார்கள். பிள்ளை வெயிலுக்கு அஞ்சினால் அது அவள் குற்றமா? வெளுப்பாக்கும் களிம்புகளில் பாதரசம் இருப்பதாக அமைச்சு எச்சரித்தும், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அவை விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த ஓட்டக்காரப் பிள்ளையிடம் நிறத்தைப் பற்றி அறிவுரை சொல்லத் தேவையில்லை. நம் நாட்டுப் பூப்பந்து வீராங்கனை கிசோனா செல்வதுரை ஆடும் காணொளியைப் போட்டுக் காட்டுங்கள். 2019 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஒற்றையர் பூப்பந்தில் தங்கம் வென்றவர். 2021 இல் சுதிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டியில் ஓர் ஆட்டத்தில் தோற்றபோது, அரசியல் கட்சிப் பொறுப்பாளர் ஒருவர் அவரை இனத்தைச் சுட்டி இழிவாக எழுதினார். நாட்டின் எல்லா இனத்தவரும் கிசோனாவின் பக்கம் நின்றார்கள், எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் பெர்லி டானுடன் சேர்ந்து பூப்பந்து இரட்டையர் தங்கம் வென்ற எம். தீனாவும், சாலை விபத்தில் கழுத்தெலும்பு வரை அடிபட்டு மீண்டு வந்து ஹாங்சோ ஆசியப் போட்டியில் சுவர்ப்பந்துத் தங்கம் வென்ற சிவசங்கரியும் நம் பிள்ளைகளைப் போன்ற முகமும் நிறமும் உடையவர்கள்தாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர்களுடைய உடல்வாகைப் புகழ வேண்டாம், ஆட்டத்தைப் புகழுங்கள். இல்லையென்றால் சினிமா நடிகையின் இடுப்பை எடுத்துவிட்டு விளையாட்டு வீராங்கனையின் இடுப்பை வைத்ததாகத்தான் முடியும்.

சரசு பாட்டியை அந்தக் குழுவுக்கே அழைத்து வாருங்கள் என்பேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி கால்களை நீட்டி மடக்கினாலும் அது பயிற்சிதான். நிரைக்குப் போன காலத்தைப் பற்றி அவர் பேசினால் பிள்ளைகள் கேட்பார்கள்.

மெலிந்தாங் மாலை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ‘மூன்று நாள் பட்டினி கிடந்தவளுக்குத்தான் ஹம்பர் போகும்’ என்ற வாதத்தைச் செயலவையில் அப்படியே சொன்னேன். தலைவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அவர் மகளும் காலையில் சாப்பிடாமல் பள்ளிக்குப் போவதாகச் சொன்னார். எடைப் போட்டி கைவிடப்பட்டது. ஒருவர் மட்டும், இலக்கு இல்லாமல் யார் வருவார்கள் என்று வாதிட்டார். அவர் கேள்வியிலும் பொருள் இருப்பதால், பொங்கல் விழாவில் பிள்ளைகள் சிலம்பமும் குழுக் கயிறாட்டமும் அரங்கேற்றுவது என்று இலக்கு வைத்திருக்கிறோம். கடைக்காரர் ஹம்பருக்கு ஒதுக்கிய பணத்தில் கம்புகளும் கயிறுகளும் வாங்கித் தருகிறார். எந்த நாளில் எந்த ஆட்டம் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள். டிக்டாக் நடனமும் ஒரு நாள் வேண்டுமாம். படமெடுக்காமல் ஆடுவதென்றால் எனக்கு மறுப்பில்லை என்றேன். முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார்கள். வெயிலுக்கு அஞ்சிய பிள்ளை இன்னும் திடலுக்கு வரவில்லை. மண்டபத்துக்குள் வருகிறாள், இப்போதைக்கு அது போதும்.

காப்பி குடித்த பெண்ணைத் தாயுடன் கிளினிக்குக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 9.8 என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவள் தொடர்ந்து வரலாமா? உணவில் என்ன பார்க்க வேண்டும்?

பேராக் இயன்முறை:

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை, 9.8 என்பது அலட்சியம் செய்யக்கூடிய அளவன்று. தலைசுற்றலுக்கும், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம். மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்பதை மருத்துவர் கேட்டிருப்பார். கேட்கவில்லையென்றால் தாய் சொல்ல வேண்டும். வரட்டும், ஆனால் பேச்சு தடைபடாத அளவில் நடப்பது, நீட்டி மடக்குவது ஆகியவற்றோடு நிற்கட்டும். ஓட்டமும் குதிப்பும் அடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் சொல்வதைப் பொறுத்தது. மார்பு படபடத்தாலோ கண் இருண்டாலோ உடனே உட்கார வேண்டும்.

மாத்திரையைத் தேநீருடனோ மைலோவுடனோ விழுங்கக் கூடாது. தேயிலையும் பாலும் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு துண்டு கொய்யாவோ ஆரஞ்சோ உண்டால் நன்றாகச் சேரும். வீட்டில் இறைச்சி உண்பவர்கள் என்றால் ஆட்டு ஈரல், நெத்திலி, கோழியின் தொடைக்கறி. இல்லையென்றால் பருப்பும் கீரையும் சுண்டலும், அவற்றோடு எலுமிச்சை பிழிந்து. மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு மலச்சிக்கலும் வரும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அளவு சரியான பிறகும் மருத்துவர் சொல்லும் மாதங்கள் வரை அதை உண்ண வேண்டியிருக்கும்.